பாதி கட்டிய விமானத்தை டிரெயிலரில் வீட்டுக்குக் கொண்டுவரும்போது விடும் பிழைகள்

கொழும்புக்கு வடக்கே வத்தளையில் ஒருவர் வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் கட்டிக்கொண்டிருந்த ஆர்வி-7 கிட் விமானம் அது, அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானம். அவர் வெளிநாடு போவதென்று முடிவெடுத்ததும் நான் வாங்கினேன். தெஹிவளையில் எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். டிரெயிலர்கார அண்ணை வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, நான் பியானோ ஏத்தினனான், கடைக்காரற்றை பெரிய ஃபிரீஸர் ஏத்தினனான். இது வெறும் தகரம்தானே, ஒரு ஸ்ட்ராப் காணும்" என்றார்.

நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் விமானி இருக்கைக்குப் பின்னால், உடலின் முதுகுக்கு மேலாக ஸ்ட்ராப்பை எறிந்து, அதை இறுக்கும் ராட்செட்டை நாலு தரம் இழுத்துவிட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத அலுமினியத் தகடு உள்ளே போய்விட்டது. ஸ்ட்ராப்பைத் தளர்த்தியதும் இன்னொரு 'டொக்', தகடு வெளியே வந்தது. ஆனால் சட்டத்தின் விளிம்பு ஓடும் இடத்தில் நகத்தால் கீறியதுபோல ஒரு மடிப்பு நின்றுவிட்டது. வண்டி இன்னும் ஒரு அடிகூட நகரவில்லை.

கட்டி முடித்த விமானம் தன் பாரத்தைத் தானே தாங்கும். பெட்டியில் வந்த கிட் வெறும் தகடும் சட்டமும்தான். இரண்டுக்கும் நடுவில், பாதி ரிவெட் அடித்து, பாதி கிளெக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் பிடி) குத்தி, மேல்தகடு மூடாமல் நிற்கும் நிலைதான் மூன்றிலும் பலவீனமானது. வாங்குகிற பலருக்கு இது பிடிபடுவதில்லை.

மேலால் ஸ்ட்ராப் போடுவதை விட்டுவிடுங்கள். பறக்கும்போதும் தரையில் நிற்கும்போதும் பாரம் தாங்குவதற்கென்றே செய்த இடங்கள் விமானத்தில் இருக்கின்றன: சக்கரக் கால்கள் பொருந்தும் இடம், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் நுழையும் நடுச்சட்டம், முன்னால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் பூட்டும் புள்ளிகள். அங்கேதான் பிடிக்க வேண்டும். எஞ்சின் இல்லாவிட்டால் மவுண்ட் புள்ளிகளில் ஒரு தடித்த மரச்சட்டத்தைப் போல்ட் போட்டு, அந்த மரத்தைக் கட்டலாம். வாலைக் கீழே இழுத்துக் கட்டவே வேண்டாம். ஸ்பொஞ் வைத்த தொட்டில்போன்ற ஒன்றில் அது உட்கார்ந்திருந்தால் போதும். தும்புக் கயிறும் நைலோன் கயிறும் வழியில் தளரும். பேலியகொடையில் இறுக்கமாக இருந்தது பம்பலப்பிட்டியில் தொங்கும்.

நாலு மூலையையும் டிரெயிலர் தட்டோடு இறுக்கிப் பூட்டுவது இன்னொரு பிழை. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கும்போது டிரெயிலர் தட்டு முறுக்குப்படும், நாலு மூலையும் பூட்டியிருந்தால் அந்த முறுக்கு அப்படியே விமான உடலுக்குள் போகும். மேல்தகடு மூடாத உடல் மூடியில்லாத சப்பாத்துப் பெட்டி மாதிரி. பெட்டியின் இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள், விளங்கும். மூன்று இடத்தில் தாங்குங்கள்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பது இதனால்தான். திறந்த பகுதிக்குக் குறுக்கே இரண்டு மரச்சட்டம் போட்டால் இன்னும் நல்லது. முறுக்குப்பட்ட உடலுக்கு வீட்டில் வைத்து மேல்தகடு ரிவெட் அடித்துவிட்டால் அந்தக் கோணல் பிறகு போகாது.

கிளெக்கோ பற்றியும் சொல்ல வேண்டும். நாலு துளைக்கு ஒன்றென்று குத்தி வைத்திருப்பது மேசையில் வேலை செய்யப் போதும், றோட்டுக்குப் போதாது. அதிர்வில் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உரச, வட்டமான துளை மெல்ல மெல்ல நீள்வட்டமாகும். அப்புறம் பெரிய ரிவெட் தேட வேண்டியதுதான். ஒன்றுவிட்டொரு துளைக்காவது குத்துங்கள். முடிந்தால் அந்த இணைப்பை ரிவெட் அடித்து முடித்துவிட்டே ஏற்றுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளெக்கோத் தலைகள் பக்கத்தில் வைத்த இறக்கையைக் கிழிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

இறக்கைகளைத் தட்டையாகப் படுக்க வைக்காதீர்கள். முன்விளிம்பு கீழே இருக்க, நிற்கவைத்து, றிப் (இறக்கைக்குள் குறுக்கே நிற்கும் விலாச்சட்டம்) இருக்கும் இடத்தில் அகலமான கன்வஸ் பட்டியில் தொங்கவிடுவதுதான் வழக்கம். திறந்த டிரெயிலரில் தட்டையாகக் கிடந்தால் காற்று அதைத் தூக்கப் பார்க்கும், அதற்காகவே செய்த சாமான் அது. ஆர்வி-7 இறக்கையின் வேர்ப்பக்கத்தில் ஸ்பார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முழு இறக்கையும் தொங்கப்போவது அந்தத் துண்டில், அதற்கொரு பலகைப் பெட்டி அடித்துவிடுங்கள். எலரோன், ஃபிளாப், ரடர் என்று இறக்கையிலும் வாலிலும் அசையும் பாகங்கள் எல்லாவற்றையும் கழற்றித் தனியே ஏற்றுங்கள்.

டிரெயிலர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் பிழைதான். ஒரு தொன் சுமக்கும் டிரெயிலரின் வில்லுக்கு எஞ்சின் இல்லாத விமான உடல் ஒரு பாரமே இல்லை. வில் இறங்காது, வண்டி துள்ளும். அச்சுக்கு மேலே மணல் மூட்டை போடுங்கள், டயர்க் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் முன்னால் காரோடு பூட்டும் கொளுவியில் இறங்க வேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் வேகத்தில் டிரெயிலர் பாம்புபோல் ஆடும். லாண்ட் மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டியில் மெதுவாகக் கொண்டுவரலாமே என்று ஒரு மச்சான் கேட்டார். அந்தப் பெட்டிக்கு வில்லே கிடையாது. லாண்ட் மாஸ்டரை உருவாக்கிய றே விஜேவர்தன (1924–2010) சிறு விமானங்களையும் தானே கட்டிப் பறந்தவர் என்பது வேறு கதை.

மழையும் உப்பும்தான் கொழும்பின் தனிப்பட்ட சிக்கல். மெத்தைக் கடை ஸ்பொஞ் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பழைய கார்ப்பெட்டும் அப்படித்தான். கடற்கரைக் காற்றின் உப்பும் சேர்ந்து ஈரமாக அலுமினியத்தை ஒட்டிக் கிடந்தால் ஒரு கிழமையில் வெள்ளைப் பொடி பூக்கும். செருப்புக்குப் பாவிக்கும் றப்பர் ஷீட் தண்ணீர் குடிக்காது, அதை வாங்குங்கள். தறப்பாளால் இழுத்து மூடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். காற்றில் படபடக்கும் தறப்பாள், அரத்தாள் மாதிரித் தகட்டைத் தேய்க்கும், விமானியின் தலைக்கு மேலிருக்கும் ஒளிபுகும் மூடியான கனொபியைக் கீறும். கனொபி அக்கிரிலிக் என்பதால் கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவமும் பெற்றோலும் அதற்கு ஆகாது, மயிரிழைபோல வெடிப்பு விடும். அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின்சீற்றில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

எந்த நாளில் கொண்டுவருவது? ஞாயிறு விடிய நாலு மணி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி மழை வரும், பின்னேரத்தைத் தொடவே வேண்டாம். போயா லீவு என்று வெசாக்கைத் தெரிவுசெய்தால் தோரணத்துக்கும் இலவச உணவு கொடுக்கும் தன்சல் வரிசைக்கும் நடுவில் இறக்கையோடு நிற்க வேண்டி வரும். முதல் நாளே மோட்டார் சைக்கிளில் போய், ஒழுங்கையில் தொங்கும் கேபிள் வயர்களின் உயரத்தை ஒரு கம்பால் அளந்து பாருங்கள். நிற்கவைத்த இறக்கை ஐந்து அடிக்குக் கிட்ட வரும், அதோடு டிரெயிலரின் உயரமும் சேரும். பொலிஸ் கட்டாயம் மறிக்கும். வாங்கிய ரசீது, அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும்.

வாங்கியவரின் கையில் இருக்க வேண்டிய இன்னொன்று பழைய கட்டுநரின் பதிவேடும் படங்களும். விமானத்தின் பெரும்பகுதியைப் பொழுதுபோக்குக் கட்டுநர்களே செய்தார்கள் என்று காட்ட வேண்டும் என்பது அமெரிக்காவின் விதி. இங்கே எதைக் காட்ட வேண்டும் என்பதை வாங்குமுன்னரே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிவேட்டை டிரெயிலரில் வைக்காதீர்கள். போல்ட், நட் பைகளுக்குப் பெயர் எழுதுங்கள். ஸ்பார் போல்ட் தொலைந்தால் இரும்புக்கடைப் போல்ட் அதற்கு ஈடாகாது.

கடைசியாக, வீட்டு வாசல். எங்கள் கேற்றுக்கு முன்னால் கானுக்கு மேல் சீமெந்துச் சரிவு இருக்கிறது. டிரெயிலர் ஏறும்போது பின்னால் நீட்டிய வால் நிலத்தில் உரசப் பார்த்தது. இரண்டு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தப்பினோம். ஒழுங்கை ஒடுக்கம் என்று அவசரப்பட்டு, இறக்கி முடிக்குமுன் டிரெயிலரைக் காரிலிருந்து கழற்ற அண்ணை கை வைத்தார். முன்பாரம் இல்லாத உடலைப் பின்னுக்கு உருட்டியதும் டிரெயிலர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்திருக்கும். "அண்ணை, பொறுங்கோ" என்று கத்தினேன். இந்தமுறை அவர் உடனே கையை எடுத்துவிட்டார்.