இலவச ஆன்லைன் கணக்கு, சயின்ஸ் கிளாஸ்: புள்ளைங்கள உக்கார வெக்கறது எப்படீங்க

பல்லடம் பக்கம் எங்கூர்ல பாதி ஊட்ல தறி ஓடுதுங்க. பொழுதோட ஆறு மணிக்கு ஆன்லைன் கிளாஸ்னா டீச்சர் பேசறது தறிச் சத்தத்துல பாதிதான் காதுல உழுகும், போன் அப்பாகிட்ட இருக்கும், அவரு ஊட்டுக்கு வர்றதுக்குள்ள கிளாஸே முடிஞ்சு போயிரும். ரெண்டு வருசமா லீவு நாள்ல எங்கூட்டுத் திண்ணைல ஆறேழு புள்ளைங்கள உக்கார வெச்சு இலவசமா கெடைக்கற கிளாஸெல்லாம் பாக்க வெக்கறேன், அதுல எது சரியா வந்துச்சோ அத மட்டும் சொல்றனுங்க.

மொதல்ல ஒண்ணு, இது டியூசன் இல்லைங்க. மார்க்கு ஏறுமான்னு கேட்டுட்டு உக்காந்தா ரெண்டாவது வாரமே சலிச்சுரும். ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க, 1ல இருந்து 100 வரைக்கும் எழுதுனா 9ங்கற எழுத்த எத்தன தடவ எழுதுவோம்? எங்க புள்ளைங்க எல்லாரும் பத்துன்னாங்க, ஒரு பையன் மட்டும் பதினொண்ணுன்னான். ஒருத்தி நோட்ட எடுத்து 9, 19, 29ன்னு எழுதிட்டே போயி 90 வந்ததும் நின்னுட்டா, “அக்கா இங்க முன்னாடியும் ஒம்போது வருது”ன்னா. கடைசில இருபதுன்னு வந்துச்சு. அவளா கண்டுபுடிச்சா பாருங்க, அதுக்கோசரந்தான் இந்தக் கிளாஸெல்லாம்.

எங்க கெடைக்கும்னா, அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு மணற்கேணி ஆப்ல இருந்து ஆரம்பிக்கறது நல்லதுங்க. நம்ம பள்ளிக்கல்வித் துறை 2023ல கொண்டாந்தது, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வீடியோ இருக்குது, தமிழ்லயும் இருக்குது. அதுக்கு மேல யோசிக்கற கணக்கு வேணும்னா ஐஐடி மெட்ராஸோட பிரவர்த்தக்ங்கற அமைப்பு 2022ல ஆரம்பிச்ச ‘அவுட் ஆஃப் தி பாக்ஸ் திங்க்கிங்’ கோர்ஸ் நாலு லெவலா இருக்குது, கிளாஸ் இலவசம், பரீட்ச எழுதி கிரேடு வாங்கோணும்னாத்தான் சின்னதா ஒரு பீஸ். சயின்ஸுக்கு நான் எச்சா நம்பறது பெட் (PhET) சிமுலேசன், அதாவது சோதனைய திரையிலயே நாமளே மாத்தி மாத்திச் செஞ்சு பாக்கறது. அமெரிக்கால கொலராடோ யுனிவர்சிட்டில 2002ல கார்ல் வீமன்ங்கறவரு ஆரம்பிச்சது, அவரு 2001ல பிசிக்ஸ்ல நோபல் பரிசு வாங்குனவரு. தமிழ்லயே கொஞ்சம் சிமுலேசன் இருக்குது, கம்ப்யூட்டர்ல ஒருக்கா டவுன்லோட் பண்ணி வெச்சுட்டா நெட் இல்லாமயும் ஓடும். கான் அகாடமிங்கற வீடியோப் பாட வெப்சைட்டும் முழுக்க இலவசந்தான்.

இனி ஏற்பாடு. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு போன்னு தேட வேண்டாங்க, ஒரு போனு, ஒரு சின்ன ஸ்பீக்கரு, நாலு புள்ளைங்க, அதுவே போதும், தனியா உக்காந்த புள்ள பத்து நிமிசத்துல வேற வீடியோவுக்குப் போயிரும், நாலு பேரு சேந்தா ஒண்ணு உட்டத இன்னொண்ணு புடிச்சுக்கும். தறி இல்லாத ஊடா பாத்து உக்காருங்க. லைவ் கிளாஸ்னா மைக்க மியூட்ல போட்டுருங்க, நம்ம கேமராவயும் ஆஃப் பண்ணுனா டேட்டா மிச்சமாகும். நீங்களே மீட்டிங் போட்டு பக்கத்தூர் புள்ளைங்களயும் சேக்கறதா இருந்தா இலவச ஜூம்ல 40 நிமிசந்தான், கூகுள் மீட்ல மூணு பேருக்கு மேல போனா ஒரு மணி நேரம், அத மனசுல வெச்சு பாடத்த வெட்டிக்கோணும்.

இங்கிலீசு பயம் பெரிய பயமுங்க. தமிழ் மீடியத்துப் புள்ள ‘அக்சலரேஷன்’னு கேட்டதும் மொகம் சுருங்கிரும், அதே புள்ளைக்கு முடுக்கம்னா நல்லாத் தெரியும். அதனால ஆளுக்கு ஒரு பழைய நோட்டு குடுத்து ரெண்டு பக்கமா எழுதச் சொன்னேன், ப்ரைம் நம்பர்னா பகா எண், மாஸ்னா நிறை, வெயிட்னா எடை, வெலாசிட்டின்னா திசைவேகம், இப்படி. நம்ம பாடப்புத்தகம் ரெண்டு மீடியத்துலயும் பிடிஎஃப்பா சும்மாவே கெடைக்குது, அதே பாடத்த ரெண்டுலயும் தொறந்து பக்கத்துல பக்கத்துல வெச்சா டிக்சனரியே தேவப்படாது. ஒரு மாசத்துல பயம் போயிருச்சுங்க.

இலவசம்னு சொல்லி ஏமாத்தறதும் இருக்குது, சாக்கிரதயா இருங்க. ஒரு எடத்துல டெமோ கிளாஸ்னு போன் நம்பர் குடுத்தோம், அப்பறம் தெனமும் போன், “உங்க புள்ள பின்னாடி போயிரும்”னு ஒரு அம்மாவ அழுகவே வெச்சுட்டாங்க, மனசு ரொம்ப நொந்து போச்சு. ஆதார், ஓடிபி, கார்டு நம்பர் கேட்டா அப்பவே வெளிய வந்துருங்க.

வீடியோவ பாத்துட்டு மூடி வெக்கறதுல ஒண்ணுமில்லைங்க. பாத்தத அன்னிக்கே கையால செய்யோணும். பொருள் கீழ உழுகற பாடம் பாத்த அன்னிக்கு எங்க தோட்டத்துக் கெணத்துக்குப் போனோம், அப்பாரும் கூட வந்தாரு, பெரியவங்க இல்லாம கெணத்துப் பக்கம் அனுப்பவே அனுப்பாதீங்க. கல்ல உட்டதும் ஒருத்தி போன்ல ஸ்டாப்வாட்ச்ச அமுத்துனா, தண்ணில ‘தொபுக்’னு கேட்டதும் நிறுத்துனா, 2.1 செகண்டு. தண்ணி எத்தன ஆழத்துல இருக்குதுன்னு பாக்க நேரத்த நேரத்தால பெருக்கி 4.9ஆல (புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதுல பாதி) பெருக்கோணும், 21.6 மீட்டர் வந்துச்சு, அதாவது 71 அடி. அப்பாரு கயித்துல கல்லக் கட்டி உட்டு அளந்தாரு, 64 அடிதான். புள்ளைங்க மொகமெல்லாம் வாடிப்போச்சு, கணக்கு தப்பான்னு கேட்டாங்க. மறுபடி மறுபடி போட்டுப் பாத்துட்டு ஒரு பையன் சொன்னான், “கை அமுத்தறதுக்குள்ள நேரம் போயிருதுங்க்கா.” அதேதான், சத்தம் மேல வர்றதுக்கும் துளி நேரம் ஆகுது. ரெண்டுஞ் சேந்து வெறும் 0.1 செகண்டு தப்புனாலும் அந்த ஆழத்துல ஏழடி மாறிரும். அஞ்சு தடவ போட்டு சராசரி எடுத்தோம், கிட்டத்துல வந்துச்சு.

அப்பறம் கேள்வி கேக்க வெக்கறது. லைவ்ல நம்ம புள்ளைங்க வாயே தொறக்காதுங்க, தமிழ்ல கேட்டா சிரிப்பாங்களோன்னு ஒரு கூச்சம். கிளாஸுக்கு முந்தின நாளே கேள்விய நோட்ல எழுதி வெக்கச் சொல்லுங்க, சாட்ல தமிழ்லயே டைப் பண்ணட்டும், சொல்லித் தர்றவங்களுக்குத் தமிழ் தெரியலைன்னா நீங்க மாத்திப் போட்டுக் குடுங்க. கெணத்துக்குப் போயிட்டு வந்த அடுத்த வாரம் எங்க புள்ளைங்க போட்ட மொதக் கேள்வி, “சின்னக் கல்லுக்குப் பதிலா பெரிய கல்லப் போட்டா சீக்கரமா உழுகுமா?”