“சும்மா செய்கிறோம்தானே” என்று சொல்வதற்கு முன்: சிறுவர் உதைபந்தாட்டத்தில் தொண்டர் பயிற்றுநரும் மத்தியஸ்தரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்தைத் தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். வெள்ளவத்தையில் ஒரு அப்பா, கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாணவர், கொம்பனித்தெருவில் கிளப்புக்கு ஆடி ஓய்ந்த ஒரு அண்ணா. வார நாளில் கடையோ கந்தோரோ, சனி, ஞாயிறில் கழுத்தில் விசில். இவர்கள் இல்லாவிட்டால் பாதிப் போட்டிகள் நடக்கவே நடக்காது. அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஏதாவது பிசகும்போது இவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “நாங்கள் சும்மா செய்யிறம்தானே, இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிறீங்கள்?” கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி இந்தப் பதிலுக்குள்தான் இருக்கிறது. சம்பளம் இல்லை என்பது உங்களுக்கும் ஒழுங்கமைப்பாளருக்கும் இடையிலான விஷயம். விழுந்து தலையில் அடிபட்ட எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் சட்டம். பலர் தாங்கள் பாடசாலையில் ஆடிய காலத்துச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் இன்றும் விசில் ஊதுகிறார்கள், கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். ஆரம்ப உதை முன்னோக்கித்தான் போக வேண்டும் என்ற விதி 2016இல் போய்விட்டது. பந்தை எந்தப் பக்கமும் தட்டலாம். கோல் கிக் பெனால்டி பொக்ஸைத் தாண்டிய பிறகுதான் ஆட்டத்தில் சேரும் என்பதும் 2019இல் மாறிவிட்டது. உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே போதும். இரண்டு பேருக்கு நடுவில் பந்தைப் போட்டு அடிபட விடும் பழைய ‘டிரொப் போல்’ முறையும் அதே ஆண்டில் முடிந்தது. இப்போது பந்து ஒரு அணியின் ஒரு வீரருக்குத்தான் போடப்படும், மற்றவர்கள் 4 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். 2025 ஜூலையில் இன்னொரு மாற்றம் வந்தது. கோல் காப்பாளர் பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்னர். கடைசி 5 விநாடியை மத்தியஸ்தர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். முன்பு இது 6 விநாடி, தண்டனை மறைமுக ஃப்ரீ கிக், அதாவது நேரடியாக அடித்தால் கோலாகாத உதை. அது நடைமுறையில் யாருக்கும் கொடுக்கப்பட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சட்டம் தெரியாத மத்தியஸ்தரைவிடச் சட்டம் தெரியாத பயிற்றுநர்தான் கூடுதல் பிரச்சினை. மத்தியஸ்தர் பிழை விட்டால் ஒரு முடிவுதான் பிழைக்கும். பயிற்றுநர் “ஓஃப்சைட், ஓஃப்சைட்!” என்று கையைத் தூக்கினால் பதினைந்து பிள்ளைகளும் முப்பது பெற்றோரும் சேர்ந்து தூக்குவார்கள். அந்தப் பந்து த்ரோ இன்னில் நேரடியாக வந்ததாக இருக்கும். த்ரோ இன், கோல் கிக், கோர்னர் மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்தைப் பெறுபவருக்கு ஓஃப்சைட் கிடையாது. மொத்தமே 17 சட்டங்கள். சட்டங்களை வகுக்கும் சர்வதேசச் சபையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பின்னேரம் போதும்.

அதே சட்டப் புத்தகம் சிறுவர் ஆட்டத்துக்கு நிறைய விட்டுக்கொடுக்கிறது. மைதானத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் கம்பத்தின் அகலமும் உயரமும், ஆட்ட நேரம், வெளியே போன வீரர் திரும்ப வரலாமா என்பதையெல்லாம் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இவற்றை ஆட்டம் தொடங்கிய பிறகு பேசுவது. ஒரு பாதி எத்தனை நிமிடம், எந்த அளவுப் பந்து, மாற்று வீரர் எத்தனை, ஓஃப்சைட் பார்க்கிறோமா இல்லையா என்று இரண்டு பயிற்றுநரும் மத்தியஸ்தரும் சேர்ந்து மூன்று நிமிடம் பேசிவிட்டால் பின்னால் வரும் முக்கால் மணிநேரச் சண்டை மிச்சம்.

பந்து விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பெரியவர்கள் ஆடும் 5ஆம் இலக்கப் பந்து 410 முதல் 450 கிராம். 4ஆம் இலக்கம் 350 முதல் 390 வரை. பத்து வயதுக் காலுக்கு இந்த வித்தியாசம் பெரிது. கிளப்பில் மிஞ்சியது அதுதான் என்று 5ஆம் இலக்கத்தைப் போட்டால் பிள்ளை பந்தை ஆடப் பழகாது, தள்ளத்தான் பழகும். கோல் கம்பமும் அப்படித்தான். பெரியவர்களின் கம்பம் 2.44 மீற்றர் உயரம், 7.32 மீற்றர் அகலம். அதற்குள் ஒரு சின்னப் பொடியனை நிறுத்திவிட்டு அவன் தலைக்கு மேலால் அடித்த கோலை ‘டெக்னிக்’ என்று கொண்டாடும் பயிற்றுநர்களை என்ன சொல்ல? இரண்டு கூம்பு வைத்தால் முடியும் வேலை.

கோட்டுக்கு வெளியே

பயிற்சியில் ஆகப் பெரிய வீணடிப்பு வரிசை. இருபது பிள்ளைகள், ஒரு பந்து, ஒவ்வொருவராக ஓடிப்போய் கோலுக்கு அடித்துவிட்டுத் திரும்பி வால் நுனியில் நிற்பது. ஒரு மணிநேரத்தில் ஒரு பிள்ளை பந்தைத் தொட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடம்கூடத் தேறாது. நாலுக்கு நாலு எனச் சின்ன ஆட்டங்களாகப் பிரித்துவிட்டால் எல்லாருக்கும் பந்து கிடைக்கும், பயிற்றுநருக்கும் தொண்டை மிஞ்சும்.

தொண்டை என்றதும் அடுத்தது வருகிறது. “பாஸ் பண்ணு! அடி! திரும்பு! அங்க இல்ல, இங்க!” என்று ஒவ்வொரு நொடியும் வெளியிலிருந்து ஆட்டுவிப்பது. அதே நேரத்தில் மறுபக்கம் நின்று அப்பா வேறொன்றைச் சொல்லுவார். பிள்ளை பந்தை விட்டுவிட்டு இரண்டு பேரின் முகத்தையும் பார்க்கும். முடிவெடுக்கப் பழகத்தான் ஆட்டம். அதை வெளியே நிற்பவரே எடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது ஓட்டம் மட்டும். சொல்ல வேண்டியதை இடைவேளையில் சொல்லலாம், அதுவும் ஒன்றிரண்டுதான்.

ஆள் தேர்விலும் ஒரு கண்ணுக்குத் தெரியாத பிழை இருக்கிறது. பத்து வயதுக்குட்பட்ட அணியில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வருடம், அந்த வயதில் அது வாழ்நாளில் பத்தில் ஒன்று. உயரமும் வேகமும் உள்ளவன் ‘திறமைசாலி’ ஆகிவிடுகிறான், மற்றவன் வாங்கில் உட்காருகிறான், உட்கார்ந்ததால் முன்னேறுவதுமில்லை. பல நாடுகளின் இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். பதிவுப் புத்தகத்தில் பிறந்த திகதியை ஒருமுறை பார்த்துவிட்டு அணியைப் போடுங்கள். கொஞ்சம் குண்டான பிள்ளையை வருடம் முழுக்கக் கோலுக்குள் நிறுத்துவதும் இதன் உடன்பிறப்புத்தான்.

அப்புறம் டியூஷன். கொழும்பில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சை, ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, நடுவில் ஆங்கில வகுப்பு. பயிற்சிக்கு வராததற்குத் தண்டனையாக மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுகிறார்கள். அட்டவணையைப் போட்டது பிள்ளையா? பெற்றோருடன் பேசுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், ஓடவேண்டிய விளையாட்டில் பிள்ளை ஓட்டத்தையே வெறுக்கும்.

நோன்பு மாதமும் அப்படித்தான். கொழும்பு அணிகளில் முஸ்லிம், மலாய்ப் பிள்ளைகள் இல்லாத அணி குறைவு. “நீ நோன்புதானே, இன்றைக்கு இரு” என்று நாமாக முடிவெடுப்பதும் தவறு, ஒன்றுமே தெரியாததுபோல் நாலு மணி வெயிலில் ஓடவிடுவதும் தவறு. வீட்டில் கேட்டு, பாரம் குறைந்த பயிற்சியாக மாற்றலாம்.

மொழியில்தான் பலர் கவனம் பிசகுகிறார்கள். ஒரே அணியில் தமிழும் சிங்களமும் பேசும் பிள்ளைகள் இருக்கையில் இடைவேளைப் பேச்சு முழுக்க ஒரு மொழியில் நடக்கும். விளங்காத பிள்ளையும் தலையை ஆட்டும், பிள்ளைகள் அப்படித்தான். மத்தியஸ்தருக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். ஒரு தலைவனிடம் தமிழில் நீளமாக விளக்கிவிட்டு மற்றவனிடம் ஒரு சொல்லில் முடித்தால், முடிவு எவ்வளவு சரியாக இருந்தாலும் மற்றப் பக்கத்து வாங்கில் சந்தேகம் முளைத்துவிடும். விசிலுக்கும் கைச்சைகைக்கும் மொழி கிடையாது. நேரடி ஃப்ரீ கிக் என்றால் கை திசையைக் காட்டும். மறைமுகம் என்றால் கை தலைக்கு மேலே உயரும், பந்து இன்னொருவரில் படும்வரை இறங்காது. சைகையைச் சரியாகக் காட்டினால் விளக்கத்தில் பெரும்பகுதி தேவைப்படாது.

விசில் வைத்திருப்பவர்

நடுவட்டத்தில் நின்றுகொண்டே முழு ஆட்டத்தையும் நடத்தும் மத்தியஸ்தர்கள் இருக்கிறார்கள். நாற்பது மீற்றர் தள்ளி நின்று எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். விசிலை மெல்ல ஊதுவதும் அதே விளைவைத் தரும். ஒரு பிழையான பெனால்டி கொடுத்துவிட்டோம் என்று மறுபக்கத்துக்கும் ஒன்றைக் கொடுத்து ‘சமன்’ செய்வது எல்லாவற்றையும்விட மோசம், அப்போது பிழை இரண்டாகிறது.

நடுநிலை ஆள் கிடைக்காமல் ஒரு பயிற்றுநரே விசில் எடுப்பது இங்கே வழமை. தன் பிள்ளையும் ஆடும் ஆட்டமாக இருக்கும். தவிர்க்க முடியாதென்றால் ஒளிக்காமல் எதிரணிப் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினாறு வயதுப் பையனிடம் விசிலைக் கொடுத்துத் தனியே விடுவது ஒழுங்கமைப்பாளரின் தவறு. அவன் கற்றுக்கொள்ள வந்தவன். நாற்பது வயது மனிதர் அவன் முகத்துக்கு நேரே வந்து “கண் இல்லையா உனக்கு?” என்று கேட்டால் அடுத்த வாரம் வரமாட்டான், அதற்கடுத்த வருடம் மத்தியஸ்தரே இல்லை என்று நாமே புலம்புவோம். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் நிற்கட்டும். இங்கிலாந்தில் நிலைமை முற்றி, அடிமட்டப் போட்டி மத்தியஸ்தர்களின் நெஞ்சில் கமராவைப் பொருத்திப் பார்க்கும் பரீட்சார்த்தம் 2023இல் தொடங்கியது. வாங்கில் இருக்கும் பயிற்றுநருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்பது 2019இலிருந்து சட்டம். ஆனால் பதினாறு வயதுக்காரன் அதை ஒரு ‘சேர்’ முகத்துக்கு நேரே நீட்டுவான் என்று எதிர்பார்க்க முடியாது. அவரவர்தான் வாயை அடக்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

கொழும்பில் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை வழக்கம். பயிற்சி நேரமும் அதே பின்னேரம்தான். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அல்லது மூடிய வாகனத்துக்குள் ஏற்றுங்கள். மரத்தடி ஒதுங்கும் இடம் அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மீண்டும் மைதானம். “இன்னும் அஞ்சு நிமிஷம்தானே சேர்” என்ற குரல் கட்டாயம் வரும். நிறுத்தும் அதிகாரம் மத்தியஸ்தருக்கு உண்டு, அதைப் பாவிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

தலையில் அடிபட்ட பிள்ளையை வெளியே எடுங்கள், அன்றைக்கு மீண்டும் இறக்காதீர்கள். எழுந்து நின்று “ஓகே சேர்” என்று சொன்னாலும் சரி. வாந்தி, தலைவலி, தடுமாற்றம், அரைத்தூக்கம் எதுவானாலும் ஆஸ்பத்திரிதான். அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணை அழையுங்கள், இலவசம். தலையால் அடிக்கும் பயிற்சியையும் சின்னப் பிள்ளைகளுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. அமெரிக்காவில் பத்து வயது வரை ஹெடிங் வேண்டாம் என்று 2015இல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் ஆரம்பப் பாடசாலை வயதினரின் பயிற்சியிலிருந்து அதை 2020இல் நீக்கினார்கள்.

தூக்கி நகர்த்தும் கோல் கம்பங்களை மண்மூட்டையோ ஆணியோ கொண்டு நிலத்தோடு பிடித்துவையுங்கள். குறுக்குக் கம்பத்தில் தொங்கி, அது கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

நகை விஷயம் நம் ஆட்களிடம் எப்போதும் இழுபறி. தோடு, காப்பு, சங்கிலி, மோதிரம் எதுவும் சட்டப்படி கூடாது, மேலே டேப் ஒட்டி மறைப்பதும் ஏற்கப்படுவதில்லை. “இப்பதான் காது குத்தினது, கழற்ற ஏலாது” என்றால் அந்தப் பிள்ளை இன்றைக்கு ஆட முடியாது, அவ்வளவுதான். கோயிலிலோ பன்சலையிலோ கட்டிய மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டு முதல் நிமிடத்திலேயே ஒரு குடும்பத்தைப் பகைத்துக்கொள்வது வேறு, அதற்கு அவசியமில்லை. ஆனால் கீழ்க்காலைக் காக்கும் சின் கார்ட் கட்டாயம்.

பேசத் தயங்கும் விஷயம் ஒன்று மிச்சம். பிள்ளையைத் தனியே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவது, பிள்ளையின் தொலைபேசிக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது, உடைமாற்றும் இடத்தில் படம் எடுப்பது, “அன்பால் அடிக்கிறேன்” என்று கை ஓங்குவது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், செய்தி எல்லாம் பெற்றோர் குழுவுக்கே போகட்டும். சும்மா வந்து உதவுகிற மனிதரை எப்படிக் கேள்வி கேட்பது என்று பெற்றோர் கூச்சப்படுவதுதான் இதில் ஆபத்தான இடம். கேளுங்கள். ஒழுங்கான பயிற்றுநர் கோபப்படமாட்டார். சந்தேகம் பெரிதானால் சிறுவர் உதவிக்கு 1929 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

கடைசியாக, தோற்ற அன்று இரவு வட்ஸ்அப் குழுவில் மத்தியஸ்தரைப் பற்றி எழுதுவது. அந்தக் குழுவில் பிள்ளைகளும் அம்மாவின் தொலைபேசியில் எட்டிப் பார்ப்பார்கள். முறைப்பாடு இருந்தால் மறுநாள் ஒழுங்கமைப்பாளருக்கு எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், என்ன நடந்தது, எந்தச் சட்டத்துக்கு மாறாக. எந்தச் சட்டம் என்று புத்தகத்தைப் புரட்டும்போதே பாதி முறைப்பாடுகள் எழுதப்படாமல் நின்றுவிடும். மிச்சப் பாதியை ஒழுங்கமைப்பாளர் கட்டாயம் வாசிக்க வேண்டும்.