வென்ட்ரூ டெக்: எந்தக் கார்டுகளை முதலில் எடுப்பது?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஞாயிறு மதியம் ஐந்து பேர் உட்கார்ந்து ஆடுவது ‘வேம்பயர்: தி இட்டர்னல் ஸ்ட்ரகிள்’ என்ற, இரத்தக்காட்டேரிகளை வைத்து ஆடும் கார்டு ஆட்டம். 1994இல் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் வெளிவந்து, அடுத்த ஆண்டே பெயர் மாறிய ஆட்டம். காவடி விரத நாட்களில் மட்டும் அம்மா இதை எடுக்க விடமாட்டார். கவுச்சியே ஆகாத வீட்டில் இரத்தம் குடிக்கிற விளையாட்டா என்பார். நியாயம்தான்.

விதிகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேம்பயர் குலங்களில் நான் எடுத்தது வென்ட்ரூ. அதன் ஆற்றல்கள் டாமினேட், ஃபோர்ட்டிட்யூட், பிரசென்ஸ். மூன்றையும் டெக்கில், அதாவது நாம் தேர்ந்தெடுத்து அடுக்கும் கார்டுக் கட்டில், திணிக்காதீர்கள். கையில் ஏழு கார்டுதான் நிற்கும், பொருந்தாத கார்டு அதில் இடத்தை அடைத்துக்கொள்ளும். முதல் டெக்குக்கு டாமினேட்டும் ஃபோர்ட்டிட்யூடும் போதும்.

முதலில் அடிக்கிற கார்டு. ‘கவர்ன் தி அன்அலைன்டு’ எட்டு. வெறும் ப்ளீட் (எதிராளியைத் தாக்கும் செயல்) அவருடைய இருப்புப் புள்ளிகளில் ஒன்றைத்தான் குறைக்கும், இது கூட இரண்டு சேர்க்கும். மேல்நிலை டாமினேட் உள்ளவர் ‘கண்டிஷனிங்’கையும் போட்டால் இன்னும் மூன்று. ஆக மொத்தம் ஆறு. ஆட்டத்தைத் தொடங்குவதே 30 இருப்போடுதான் என்பதால் ஆறு என்பது பெரிய அடி.

அடுத்தது தற்காப்பு. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். வலப்பக்கத்தவர் நம்மை ப்ளீட் செய்யும்போது ‘டிஃப்ளெக்‌ஷன்’ போட்டால் அந்த அடி வேறொருவருக்குப் போகும். நம் இரையின் மேல், அதாவது நாம் தாக்க வேண்டிய இடப்பக்கத்தவர் மேல், திருப்பிவிட்டால் இரட்டை லாபம். அதனால் ஏழு டிஃப்ளெக்‌ஷன் வைத்திருந்தேன். ஆனாலும் மூன்று ஞாயிறு தொடர்ந்து நான்தான் முதலில் வெளியேறினேன். கையில் மூன்று டிஃப்ளெக்‌ஷன் இருக்கும், ஒன்றையும் போட முடியாது! காரணம், என் முறையில் எல்லா வேம்பயர்களையும் செயலில் இறக்கிவிடுவேன். செயல்பட்ட கார்டு சாய்ந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய வேம்பயர் எதிர்வினைக் கார்டு போட முடியாது.

தீர்வு இரண்டு. ஒன்று, எழுப்புகிற கார்டுகள்: ‘வேக் வித் ஈவ்னிங்ஸ் ஃப்ரெஷ்னெஸ்’, ‘ஆன் தி கி வீவ்’. எந்த ஆற்றலும் தேவையில்லை, பூட்டியிருந்தாலும் எதிர்வினை காட்டலாம். (கி வீவ் பிரெஞ்சு. விழிப்பாக இருப்பதைக் குறிக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.) இரண்டும் சேர்த்து எட்டாவது வையுங்கள். மற்றொன்று ‘ஃப்ரீக் டிரைவ்’, இது ஃபோர்ட்டிட்யூட் கார்டு. செயல் முடிந்ததும் ஒரு இரத்தம் கொடுத்து வேம்பயரின் பூட்டைத் திறந்துவிடும். அடித்துவிட்டு மறுபடி காவலுக்கு நிற்கலாம், இல்லை வேறொரு செயலில் இறங்கலாம். என்னைக் கேட்டால் வென்ட்ரூவின் முதல் கார்டு கவர்ன் அல்ல, இதுதான். ஆறு வையுங்கள்.

வேம்பயர் வழியாக அல்லாமல் ஆட்டக்காரரே போடும் மாஸ்டர் கார்டு பன்னிரண்டு போதும், வேம்பயரின் இரத்தத்தை நம் இருப்புக்கு மாற்றும் ‘பிளட் டால்’ மூன்றாவது இருக்கட்டும். மீதியை உங்கள் விருப்பப்படி நிரப்புங்கள். டெக்கில் 60 முதல் 90 கார்டு வரை இருக்கலாம். நான் 75ஐத் தாண்டுவதில்லை. தாண்டினால் வேண்டியது வேண்டிய நேரத்தில் வராது.

கார்டு வாங்கும் முன் வெறும் தாளில் பெயரை எழுதி, பழைய சீட்டோடு உறையில் போட்டு நான்கு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தபாலில் வரக் காத்திருக்கிற நமக்கு இது பெரிய மிச்சம். உறை இல்லாமல் ஆடவே வேண்டாம். டால் பூரி தின்ற கையோடு கார்டைத் தொட்டவர் யார் என்று சொல்லமாட்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், மேல்நிலையில் கவர்ன் போட்டு, இன்னும் ஆட்டத்துக்குள் வராமல் காத்திருக்கும் வேம்பயர் மேல் மூன்று இரத்தம் வைக்கப் பார்த்தேன், நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நண்பர்கள் சொன்னதே சரி. இளையவர் மேல்தான் வைக்கலாம், அதாவது கொள்ளளவு (தாங்கக்கூடிய இரத்தம்) குறைந்தவர் மேல். கேட்டவருடைய பன்னிரண்டு வேம்பயர்களில் பாதிக்கு மேல் ஒரே கொள்ளளவு. எட்டு, ஏழு, ஐந்து, நான்கு என்று கலந்து எடுத்தால் பெரியவர் சிறியவரை வரவழைப்பார். வேம்பயர் கார்டில் உள்ள குழு எண்ணையும் பாருங்கள், அடுத்தடுத்த இரண்டு குழுக்களைத்தான் கலக்கலாம். இதை எழுதிவிட்டு என் டெக்கை எடுத்துப் பார்த்தால், அதிலேயே ஒருவர் வேறு குழு. இரண்டு மாதமாக யாரும் கவனிக்கவில்லை.