பெட்ரோல் விலை ஏறினாலும் ஆழ்கடல் தூண்டில் பயணத்தை நிறுத்தாமல் இருக்க

சொந்தப் படகில் ஆழ்கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு இரை, ஐஸ், சாப்பாடு எல்லாம் சேர்ந்தாலும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வராது. விலை ஏறியதும் பலர் போவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் படகு எந்த வேகத்தில் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள், மிச்சம் பிடிக்க அங்கேயே நிறைய இடம் இருக்கிறது.

மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒரு கடல் மைலுக்கு (1.852 கிலோமீட்டர்) எத்தனை லிட்டர் என்பதுதான் முக்கியம். அலை அடங்கிய நாளில், வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமானோடும், இன்ஜின் சுற்றை 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) கூட்டிக் கூட்டி ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரே சீராக ஓட்டி, எரிபொருள் மீட்டர் மணிக்கு எனக் காட்டும் லிட்டரை ஜிபிஎஸ் காட்டும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தால் வகுத்து எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு, 32 நாட்டில் மணிக்கு 80 லிட்டர் என்றால் மைலுக்கு 2.5 லிட்டர், 25 நாட்டில் 50 லிட்டர் என்றால் 2 லிட்டர். போக 30 மைல், வர 30 மைல் என்றால் 30 லிட்டர் மிச்சம், கூடுதலாக ஆவது அரை மணி நேரம்தான். ஆனால் வேகத்தை ரொம்பவும் குறைத்து, படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் பெரிய அலையை இழுத்தபடி போகிற நிலைக்கு மட்டும் வந்துவிடாதீர்கள், மைலுக்கு அதிகமாகக் குடிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

இன்ஜினின் சாய்வை மாற்றும் ட்ரிம் பட்டனைப் பலர் தொடுவதே இல்லை, எனக்கு அதுதான் ஆதங்கம். த்ராட்டிலை அசைக்காமல் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் தூக்குங்கள், வேகம் தானாக ஏறும். மூக்கு துள்ள ஆரம்பித்தாலோ ப்ரொப்பெல்லர் பிடிப்பு விட்டு இரைந்தாலோ சற்று இறக்கிவிடுங்கள், சரியான இடம் அதுதான். அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டியிருந்தாலும், ப்ரொப்பெல்லர் இதழ் நெளிந்திருந்தாலும் இதெல்லாம் வீண். தேவையில்லாத சாமானையும் இறக்கிவிடுங்கள்.

அப்புறம், மீன் தேடி அங்குமிங்கும் ஓடுவது. கடல் வெப்பநிலைப் படம், ஆழப் படம், காற்று நிலவரம் மூன்றையும் முந்தின இரவே பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு இடத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். சேர்ந்ததும் நீரோட்டத்தோடு மிதந்தபடி தூண்டில் இறக்கினால் இன்ஜினை அணைத்தே வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். டேங்கில் உள்ள பெட்ரோலில் போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. எவ்வளவு விலை ஏறினாலும் அந்தக் கடைசிப் பங்கு டேங்கில் இருந்தே ஆக வேண்டும், எதிர்க்காற்றில் திரும்பும் நாளில் அதுதான் கரை சேர்க்கும்.

செலவைப் பங்கு போடுவதானால் கிளம்பும் முன்பே, மீன் கிடைக்காவிட்டாலும் இவ்வளவு என்று பேசிவிடுங்கள். பயணத்துக்கு ஆன செலவை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் காசு வாங்கினால் பல நாடுகளில் அது வாடகைப் படகாகிவிடும், உரிமமும் காப்பீடும் வேறு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும்.