பைத்தானில் செய்தியோடை: படிப்பதும் எழுதுவதும்

ஒரு தளத்தின் புதிய பதிவுகளை நிரல்கள் படிக்கும் வடிவில் பட்டியலிடும் எக்ஸ்எம்எல் கோப்பே செய்தியோடை (ஃபீட்). அதைப் பிரிக்க நீங்களே எக்ஸ்எம்எல் நிரல் எழுத வேண்டாம். ஆர்எஸ்எஸ் 2.0, ஆட்டம் (Atom) என வடிவங்கள் பல; ஒரே வடிவத்தையும் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விதமாக எழுதும். படிக்க ஃபீட்பார்சர், எழுத ஃபீட்ஜென் என்ற பைத்தான் நிரலகங்கள் உண்டு. இரண்டையும் பைத்தானின் நிறுவியான பிப் மூலம் நிறுவலாம்.

ஃபீட்பார்சரின் 'பார்ஸ்' ஃபங்ஷனிடம் முகவரியைக் கொடுத்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். ஆனால் அதில் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) குறிப்பிட இடமில்லை. சர்வர் மௌனமானால் நிரலும் நின்றுவிடும். எனவே இணையத்திலிருந்து இறக்க உதவும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நிரலகம் கொண்டு 10 விநாடி டைம்அவுட்டுடன் இறக்கி, வந்த பைட்டுகளை அப்படியே 'பார்ஸ்' ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். டெக்ஸ்டாக மாற்றிக் கொடுக்காதீர்கள். சர்வர் 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று மட்டும் சொல்லி குறியாக்கத்தை (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையை) சொல்லாவிட்டால், ரிக்வெஸ்ட்ஸ் டெக்ஸ்டாக மாற்றும்போது அதை லத்தீன் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். தமிழ் சிதைந்து வரும்.

சர்வரின் பதிலில் வரும் ஈடேக் (கோப்பின் பதிப்பு அடையாளம்), லாஸ்ட்-மாடிஃபைட் (கடைசியாக மாறிய நேரம்) இரண்டையும் சேமித்து, அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச், இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் தலைப்புகளில் அனுப்புங்கள். பதில் குறியீடாக 304 வந்தால் புதிதாக எதுவும் இல்லை. இதைச் செய்யாமல் ஐந்து நிமிடத்துக்கொரு முறை முழு ஓடையையும் இறக்கும் நிரலைத் தளங்கள் தடுத்தால் குறைசொல்ல முடியாது.

ஓடையில் பிழை இருப்பதை ஃபீட்பார்சர் 'போஸோ' என்ற குறியால் சொல்லும். அது உண்மை என்று வந்தாலே ஓடையைத் தூக்கி எறிய வேண்டாம். குறியாக்க முரண் போன்ற சிறு பிழைக்கும் அது வரும். பதிவுகள் கிடைத்திருந்தால் தொடரலாம். தலைப்போ தேதியோ இல்லாத பதிவுகளும் உண்டு. பதிவின் 'கெட்' ஃபங்ஷன் மூலம் எடுத்தால், இல்லாதபோதும் நிரல் முறியாது.

தேதியில்தான் பலர் சறுக்குவார்கள். பதிவு வெளியான நேரமாக ஃபீட்பார்சரின் 'பப்ளிஷ்டு_பார்ஸ்டு' தருவது யுடிசி (உலகப் பொது) நேரம். அதை 'டைம்.எம்கேடைம்' உள்ளூர் நேரமாகக் கொள்வதால், இந்திய நேரத்தில் ஓடும் கணினியில் ஐந்தரை மணி நேரம் பிசகும். 'காலண்டர்.டைம்ஜிஎம்' பயன்படுத்துங்கள்.

ஃபீட்ஜென் கொண்டு எழுதும்போது, ஆர்எஸ்எஸ்ஸுக்குத் தலைப்பு, இணைப்பு, விவரணை மூன்றும் கட்டாயம். ஆட்டத்துக்கு ஐடியும் வேண்டும். ஓடையின் சொந்த முகவரியைக் காட்டும் 'செல்ஃப்' இணைப்பை முதலிலும் தளத்தின் இணைப்பை அதன் பின்னும் சேருங்கள். ஆர்எஸ்எஸ்ஸில் கடைசியாகச் சேர்த்ததே நிற்கும். நேர மண்டலம் இல்லாத தேதியை ஃபீட்ஜென் ஏற்காது. 'ஆட்_என்ட்ரி' புதிய பதிவை மேலே செருகும் என்பதால் பழையதிலிருந்து தொடங்குங்கள். பதிவின் ஐடியை ஒருபோதும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய பதிவுகள் எல்லாம் வாசகரின் செயலியில் புதியவையாக வந்து குவியும்.

தற்காலிகக் கோப்பில் எழுதி, ஃபீட்பார்சரால் படித்துப் பார்த்து, 'போஸோ' பொய் என்று வந்தபின் 'ஓஎஸ்.ரீப்ளேஸ்' கொண்டு உண்மைக் கோப்பின் இடத்தில் வையுங்கள்.