வெப்ப அதிர்ச்சிச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈ. கோலை பாக்டீரியாவைச் சூடாக்கி, மற்ற புரதங்கள் சரியாக மடியத் துணைநிற்கும் சாப்பரோன் புரதங்களைப் பார்க்க ஆண்டுதோறும் புதியவர்கள் லேபுக்கு வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவை. லேபிள் ஒட்டுங்கள், கையுறை போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து சாம்பிள் எடுப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவர் 30 டிகிரி கல்ச்சரை 42 டிகிரி ஷேக்கரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து ஆர்என்ஏ எடுத்தால் டிஎன்ஏகே என்ற சாப்பரோனுக்கான ஆர்என்ஏ லேசாகத்தான் ஏறியிருந்தது. ‘இந்த ஸ்ட்ரெயினில் வெப்ப எதிர்வினை பலவீனம்’ என்று எழுதியே விட்டார். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து, சாப்பாடு போடவில்லையா என்று கேட்ட கதை.

சாதாரண நாளில் டிஎன்ஏகே, சாப்பரோன் மரபணுக்களை இயக்கும் சிக்மா-32 என்ற காரணியைப் பிடித்து, புரதங்களை வெட்டும் எஃப்டிஎஸ்எச் என்ற புரோட்டியேஸிடம் ஒப்படைத்துவிடும். சுமார் ஒரு நிமிடத்திலேயே சிக்மா-32 பாதியாகக் குறைந்துவிடும். சூட்டில் மற்ற புரதங்கள் மடிப்புக் குலைந்ததும் டிஎன்ஏகே அவற்றைத் தாங்கப் போய்விடுகிறது. சிக்மா-32 விடுபட்டு சாப்பரோன் மரபணுக்களை முடுக்கிவிடும். போதுமான டிஎன்ஏகே சேர்ந்ததும் சிக்மா-32 மறுபடி பிடிபடும். உச்சம் முதல் ஐந்து, பத்து நிமிடங்களில் வந்து போய்விடுகிறது.

அதனால் 0, 2, 5, 10, 20, 40 நிமிடங்களில் எடுங்கள். பூஜ்ய சாம்பிள் சூடாக்கும் முன்பே. பெரிய ஃபிளாஸ்க் காற்று ஷேக்கரில் மெதுவாகத்தான் சூடேறும். 30 டிகிரி கல்ச்சரோடு 54 டிகிரி மீடியத்தைச் சம அளவு கலந்தால் உடனே ஏறக்குறைய 42 வந்துவிடும். அப்புறம் வாட்டர் பாத்தில் வையுங்கள். எடுத்த சாம்பிளை அப்போதே குளிர்ந்த எத்தனால்-ஃபீனால் கலவையில் நிறுத்துங்கள். பாக்டீரிய ஆர்என்ஏ சில நிமிடங்களில் சிதையும், சென்ட்ரிஃபியூஜ் முடியும்வரை காத்திருக்காது.

டிரான்ஸ்ஃபர்மேஷன் சூட்டை இதோடு குழப்புவது

டிரான்ஸ்ஃபர்மேஷனில் கொடுக்கும் சூடு, பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏ செல்லுக்குள் நுழைய. வேறு விஷயம்.

எல்லா அழுத்தத்துக்கும் டிஎன்ஏகேவையே தேடுவது

பெராக்சைடும் சூடும் சேர்ந்தால் செல்லின் எரிபொருளான ஏடிபி சரிந்துவிடும். ஏடிபி இல்லாமல் டிஎன்ஏகே என்ன செய்யும்? அங்கே ஏடிபி தேவைப்படாத எச்எஸ்பி33 என்ற சாப்பரோன் வேலை செய்கிறது. வயிற்று அமிலத்தில், செல்லின் இரு சவ்வுகளுக்கு நடுவே பெரிபிளாசத்தில் இருக்கும் எச்டிஇஏ என்ற சாப்பரோன்.

குரோஇஎல்லை நீக்கப் பார்ப்பது

குரோஇஎல் இன்னொரு சாப்பரோன். 37 டிகிரியிலும் அது இல்லாமல் ஈ. கோலை பிழைக்காது.

ஜெல்லில் தெரியும் 60, 70 கிலோடால்டன் பேண்டை உங்கள் புரதம் என்று நம்புவது

உங்கள் புரதத்தை நிக்கல் ரெசினில் சுத்திகரிக்கும்போது குரோஇஎல்லும் டிஎன்ஏகேவும் ஒட்டிக்கொண்டு வரும். ஏடிபி, மெக்னீசியம் சேர்த்து ஒரு முறை கழுவிப் பாருங்கள். பாதித் தொல்லை அதிலேயே கழன்றுவிடும்.