கேம்பர் வேனுக்கு எது வேண்டும், எது வேண்டாம்

படுக்கை, அடுப்போடு உள்ளேயே தங்கிப் பயணிக்கிற கேம்பர் வேனுக்கு ஆர்டர் கொடுக்கப் போனால் கூடுதல் வசதிப் பட்டியலை நீட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடாதீர்கள். நான் முதலில் ஆசைப்பட்டது கூரை ஏசிக்குத்தான். கணக்குப் போட்டதும் ஆசை அடங்கிவிட்டது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பதே சுமார் 1,200 வாட்-ஹவர். ஏசி ஆயிரம் வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. சரி என்று கூரை விசிறியோடு நிறுத்திக்கொண்டேன்.

கொசுவலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய வேனில் ஜன்னலுக்கு வலை இருந்தது, பக்கக் கதவுக்கு இல்லை. குறுவை நடவு சமயம், திருவையாறு பக்கம் வயலோரம் ஓர் இரவு தங்கினோம். விடியும்வரை துண்டை வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வலையின் ஓரம் சட்டத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டுகிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

வேனின் பக்கவாட்டில் இழுத்துவிடும் துணிப்பந்தல் அவசியம். ஐப்பசி மழையில் அடுப்பை எங்கே வைப்பீர்கள்? ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும், மறுநாளாவது காயவையுங்கள். கோடியக்கரை, வேதாரண்யம் போகிற ஆளென்றால் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சும் கேளுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது. சோலார் பலகையை அப்புறம் மாட்டலாம். ஒயரை மட்டும் இப்போதே இழுத்து வைக்கச் சொல்லுங்கள், பிறகென்றால் உள்பலகையைக் கழற்ற வேண்டிவரும். டிவி, அலாய் வீல் எல்லாம் உங்கள் இஷ்டம்.